வன்னிக் கருங்கல்லும் நிலநடுக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வவுனியாப் பக்கத்தில் கிணறு வெட்டுவது ஏன் இத்தனை பாடாக இருக்கிறது என்று கேட்ட வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, அங்குள்ள கருங்கல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்றும், ஒரு காலத்தில் அது பல கிலோமீற்றர் ஆழத்தில் மெழுகைப்போல மடிந்து கிடந்தது என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிதான் இம்முறை தபாற்பையை நிரப்பியிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிலநடுக்கத்தைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (ஓமந்தை வாசகர்): ஐயா, எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது பதினெட்டு அடியிலேயே கருங்கல் தட்டுப்பட்டு, வெடி வைத்துத்தான் மிச்சத்தை இறக்கினோம். இவ்வளவு உறுதியான பாறையின் மேல் குடியிருக்கும் நமக்கு நிலநடுக்கம் வராது என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா?

பதில்: உங்கள் அயலவர்கள் சொல்லும் முடிவு ஓரளவுக்குச் சரி, அதற்குக் காட்டும் காரணம் பிழை. நிலநடுக்கம் பிறப்பதற்கு முதலில் வேண்டியதே உறுதியான பாறைதான். சேற்றைத் தள்ளினால் அது தள்ளிய பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். தள்ளியவனைத் திருப்பி உதைக்காது. கருங்கல்லோ அந்தத் தள்ளுதலைத் தாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து, வளைத்த வலுவைத் தன்னுள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைகளின் கெற்றப்போலில் இறப்பரை இழுத்துப் பிடித்திருப்பதும் இதே சங்கதிதான்: இழுக்கச் செலவழித்த வலு எங்கேயும் போய்விடவில்லை, கைவிடும் கணம் வரை இறப்பருக்குள் இருக்கிறது.

1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நிலநடுக்கத்தின் பின், ஹரி ஃபீல்டிங் றீட் என்ற அமெரிக்க ஆய்வாளர், அப்பகுதியில் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் எடுக்கப்பட்டிருந்த நில அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே நிலத்தின் ஊடாகச் செல்லும் பழைய பாறைப் பிளவுக்கு இரு புறமும் தூரத்தில் இருந்த இடங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே எதிரெதிர்த் திசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பிளவை ஒட்டிய நிலம் மட்டும் நகர முடியாமல் பிடிபட்டு நின்றது. அன்று அதிகாலையில் அது ஒரு நிமிடமளவில் தன் பாக்கி முழுவதையும் தீர்த்தது. பிளவுக்குக் குறுக்கே நேராகப் போன வேலிகளும் பாதைகளும் அறுபட்டு, சில இடங்களில் ஆறு மீற்றர் வரை விலகிக் கிடந்தன.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, அங்கே புதிதாக எந்தப் பாறையும் உடையவில்லை என்பதுதான். முழுக் கல்லொன்றைப் புதிதாக உடைப்பதற்கு வேண்டிய வலுவைக் காட்டிலும், ஏற்கெனவே உடைந்த கல்லின் இரு முகங்களை ஒன்றன்மேல் ஒன்று நழுவச் செய்வதற்கு வேண்டிய வலு குறைவு. ஆதலால் நிலநடுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை பழைய பிளவுகளிலேயே மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. சீமெந்துத் தரையில் பாரமான அலுமாரியைத் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாது, இன்னும் கொஞ்சம் வலுக்கொடுத்தால் திடீரென்று ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் நின்றுவிடும். 1966 இல் பிரேஸ், பயர்லீ என்ற இருவர், ஆய்வுகூடத்தில் பாறைத் துண்டுகளை அமுக்கி நழுவவிட்டபோது அவையும் இப்படியே பிடிபட்டும் நழுவியும் நகர்ந்ததைக் கண்டு, நிலநடுக்கத்தின் பொறிமுறை இதுவாகவே இருக்கலாம் என்று எழுதினார்கள். இன்றைய விளக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே அடித்தளம்.

அப்படியானால் வன்னியில் ஏன் பெரிய நிலநடுக்கங்களைக் காண்பதில்லை? அலுமாரியைத் தள்ளுகிறவர் தூரத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். புவியின் மேற்பகுதி, மெல்ல நகரும் மாபெரும் பாறைத் தகடுகளாகப் பிரிந்திருக்கிறது. இலங்கை, இந்தியப் புவித்தகட்டின் விளிம்பில் இல்லாமல் உட்பகுதியில் இருக்கிறது. அந்தத் தகடு மற்றத் தகடுகளுடன் மோதும் இடங்கள் வடக்கே இமயமும் கிழக்கே சுமாத்திரா – அந்தமான் வரிசையும். வலு மிக மெதுவாகச் சேருவதால் இங்கே நழுவல்கள் அரிது. ஆனால் அரிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. 1993 செப்ரெம்பர் 30 அன்று மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டத்தில், தகட்டின் விளிம்பிலிருந்து வெகு தூரத்தில், உங்கள் கிணற்றில் வந்ததைப்போலவே பழைய, உறுதியான பாறைக்குள் நிகழ்ந்த பருமன் 6.2 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். கொழும்பில் 1615 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தைப் பற்றி போர்த்துக்கேயர் காலக் குறிப்பும் உண்டு.

கேள்வி (வவுனியா, புவியியல் ஆசிரியை): என் மாணவர்களில் பலர், நிலத்தின் கீழே பாறை உருகிக் குழம்பாக இருப்பதால்தான் நிலம் நடுங்குகிறது என்று விடை எழுதுகிறார்கள். ஆழத்தில் பாறை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது? அதை அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்தலாம்?

பதில்: மாணவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, பாடநூற் படங்களில் புவியோட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் செம்மஞ்சள் நிறத்தில் தீட்டி வைத்தால் பிள்ளை வேறென்ன நினைக்கும்? எரிமலைகளின் அடி போன்ற சில இடங்களைத் தவிர, புவியோடும் அதன் கீழுள்ள இடையோடும் திண்மப் பாறையே. திரவத்தின் ஊடாகச் செல்ல முடியாத ஒரு வகை நிலநடுக்க அலை, ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை தடையின்றிச் சென்று வருகிறது. உண்மையான திரவம் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது.

ஆனால் திண்மம் என்பதற்காக எல்லா ஆழத்திலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மடுத் திருவிழாவுக்கு ஆவணி வெயிலில் மெழுகுதிரிக் கட்டுடன் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அதிகாலையில் பையிலிருந்து எடுத்த திரியை மடக்கினால் படீரென்று முறியும். அதே திரி பன்னிரண்டு மணி வெயிலில் பையில் சாய்ந்து கிடந்தால், உருகாமலே, ஒரு சொட்டும் வடியாமலே, வில்லாக வளைந்துவிடும். வளைந்த திரியும் திண்மம்தான். அதைச் சடுதியாகத் தட்டினால் அந்த வெயிலிலும் முறியக்கூடும். மெல்ல அமுக்கினால் வளையும். வெப்பநிலை, அமுக்கம், எவ்வளவு வேகமாக வலு பிரயோகிக்கப்படுகிறது என்பன சேர்ந்தே ஒரு பாறை முறியுமா வளையுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கணக்கைப் பார்ப்போம். கருங்கல்லுக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்குந்தோறும், ஒரு சதுர சென்ரிமீற்றரின் மேல் ஏறக்குறைய 270 கிலோகிராம் பாரம் கூடுகிறது. பதினைந்து கிலோமீற்றர் ஆழத்தில், உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவான இடத்தில் நான்கு தொன் பாரம் நிற்கும். வெப்பநிலையோ கண்டப் பகுதிகளில் பொதுவாகக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடுகிறது. முதலில் அமுக்கமே வெல்லும்: பிளவின் முகங்களை இறுக்கிப் பிடித்து, உராய்வைக் கூட்டி, பாறையை மேலும் மேலும் உறுதியாக்கும். ஆனால் ஏறக்குறைய 300 பாகையில் குவாட்ஸ் கனிமம் இளகத் தொடங்குகிறது. 450 பாகை அளவில் பெல்ஸ்பாரும் அதே வழிக்கு வருகிறது. கருங்கல்லில் பெரும்பங்கு இவ்விரண்டுமே என்பதால், பத்து முதல் பதினைந்து கிலோமீற்றருக்குக் கீழே பாறை உடைவதை விட்டுவிட்டு ஓடத் தொடங்குகிறது.

திண்மம் எப்படி ஓடும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நெல் காயவிட்ட பெரிய படங்கை முழுதாக இழுத்து நகர்த்த ஒருவரால் முடியாது. ஆனால் ஒரு ஓரத்தில் சிறு மடிப்பொன்றை உண்டாக்கி, அந்த மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனால் படங்கு அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். படிகத்துக்குள் இருக்கும் அணு வரிசைகளும் இவ்வாறே, குறையுள்ள ஓரிடத்தை வரிசை வரிசையாகக் கடத்தி நகர்கின்றன. சூடு கூடக்கூட அந்த மடிப்பு இலகுவாக நகரும். 1885 இல் சார்ள்ஸ் லாப்வேர்த் என்ற ஆய்வாளர் ஸ்கொட்லாந்தில் இப்படி நசிந்து இழுபட்ட பாறையைக் கண்டபோது, அது திரிகையில் அரைபட்டது என்று எண்ணி, ஆலை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு மைலனைற் என்று பெயர் வைத்தார். அது அரைபட்டதல்ல, ஓடியது என்பது பிறகுதான் தெளிவானது. பெயர் மட்டும் மாறவில்லை.

இனி நிலநடுக்கத்துக்கு வருவோம், ஏனெனில் மாணவர்களின் விடையில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. கீழே ஓடும் பகுதி ஓயாமல் ஓடிக்கொண்டேயிருக்கிறது. மேலே குளிர்ந்து இறுகிய பகுதி பிளவில் பிடிபட்டு நிற்கிறது. கீழுள்ளது முன்னே போய்விட, மேலுள்ளது பின்னே நிற்க, அந்த வித்தியாசம் முழுவதும் இறுகிய பகுதியில் தகைப்பாக, அதாவது கெற்றப்போல் இறப்பரின் இழுவையைப்போல, சேருகிறது. கீழே சத்தமில்லாமல் நடக்கும் ஓட்டமே மேலே நடக்கும் சடுதியான நழுவலுக்குக் கூலி கொடுக்கிறது என்று சொல்லலாம். கண்டங்களில் பெரிய நிலநடுக்கங்கள் பலவும் உடையும் பகுதியின் அடித்தளத்தை அண்டியே தொடங்குவதற்குக் காரணம், பாறை மிக உறுதியாக இருப்பதும் அதிக வலுவைத் தாங்குவதும் அங்கேதான் என்பது. நிலம் பழையதாகவும் குளிர்ந்ததாகவும் இருந்தால் அந்த அடித்தளம் இன்னும் கீழே போய்விடும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியை அழித்த நிலநடுக்கம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்கியது.

உடைவதற்கும் ஓடுவதற்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு போட்டதுபோல எழுதிவிட்டேன். அது கோடு அல்ல. அந்த இடைப்பகுதியில், ஒரு நிமிடத்தில் முடியவேண்டிய நழுவல் பல நாட்கள், வாரங்கள் எடுத்து நடப்பதும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவை அண்டிய பகுதியில், ஏறக்குறைய பதினான்கு மாதங்களுக்கு ஒரு தடவை அப்படி நிகழ்கிறது. அங்குள்ள மக்கள் எவருக்கும் அது தெரிவதில்லை. செய்மதி அளவீட்டுக் கருவிகள் மட்டும் நிலம் சில மில்லிமீற்றர் பின்வாங்கியதைக் காட்டுகின்றன.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): இத்தனை கிலோமீற்றர் கீழே யாரும் போய்ப் பார்த்ததில்லையே. இவை எல்லாம் ஊகம் இல்லையா?

பதில்: ஆள் போகவில்லை, துளைக்கும் கருவி போயிருக்கிறது. ரஷ்யாவின் கோலாத் தீபகற்பத்தில் 1970 இல் தொடங்கிய துளை 1989 இல் 12,262 மீற்றரை எட்டியது. அந்த ஆழத்தில் 100 பாகை அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்த வெப்பநிலை 180 பாகையாக இருந்தது. வெடிப்பு எதுவும் இல்லாமல் இறுகிப்போயிருக்கும் என்று நினைத்த ஆழங்களில் வெடிப்புகளும் அவற்றுள் நீரும் இருந்தன. குழாய்க்கிணறு தோண்டுகிறவர்களுக்கு இது வியப்பளிக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஜேர்மனியின் பவேரியாவில் 1994 இல் 9,101 மீற்றருடன் நிறுத்தப்பட்ட துளை. அடியில் ஏறக்குறைய 265 பாகை. அதாவது குவாட்ஸ் இளகத் தொடங்கும் வாசற்படி. அங்கே ஒரு பரிசோதனையாக ஏறக்குறைய 200 கன மீற்றர் உப்புநீரை, பத்தாயிரம் லீற்றர் பவுசர்கள் இருபது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பது கிலோமீற்றர் ஆழத்தில் உட்செலுத்தினார்கள். சுற்றியுள்ள பாறையில் ஏறக்குறைய 400 நுண்ணதிர்வுகள் பதிவாகின. தகட்டின் விளிம்பிலிருந்து தள்ளி, அமைதியாகக் கிடக்கும் நிலத்திலும் பாறை நழுவலுக்குச் சற்று முந்திய நிலையிலேயே நிற்கிறது என்பதே அதன் பொருள். ஓமந்தை வாசகருக்கு நான் எழுதிய பதிலை இதனோடு சேர்த்து வாசிக்கவும்.

தமிழருக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர். 2001 இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கியிருந்தன. தங்கப் பாறையை வெட்டி எடுக்க எடுக்க, மேலுள்ள பாரம் வெட்டாமல் விட்ட பாறையின் மேல் சேர்ந்து, ஒரு கட்டத்தில் சுரங்கச் சுவர் வெடிகுண்டைப்போல உள்நோக்கிச் சிதறும். பாறை வலுவைச் சேமித்து வைத்திருக்கும் என்பதற்கு அவர்கள் உயிரால் கொடுத்த நிரூபணத்துக்குமுன் ஆய்வுகூடக் கணக்கு சிறிது.

கேள்வி (கிளிநொச்சி, நெற்செய்கையாளர்): இரணைமடு வான் பாயும் காலத்தில் அவ்வளவு நீரின் பாரமும் நிலத்தை அமுக்குமே. குளத்தால் நிலநடுக்கம் வருமா?

பதில்: இரணைமடுவால் வராது, ஆனால் கேள்வி வீண் கேள்வியல்ல. நீர் இரண்டு விதமாக வேலை செய்கிறது. பாரம் என்பது ஒன்று. ஆனால் அது சிறியது. இரணைமடு நிறைந்து நிற்கும்போது அதன் நீர்மட்டம் 36 அடி. அதன் பாரம், பத்து மாடுகள் வரிசையாக நடந்துபோன பாலத்தின் மேல் ஒரு கொக்கு இருந்தது போன்றது. மற்றது, பாறைப் பிளவுக்குள் புகுந்த நீரின் அமுக்கம். சூடான கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை ஈரமான மேசையில் கவிழ்த்து வைத்தால், யாரும் தொடாமலே அது மெல்ல வழுக்கி நகர்வதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே சூடேறிய காற்று கிளாஸின் பாரத்தில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்வதால் மேசையோடு உள்ள உராய்வு குறைந்துவிடுகிறது. பிளவுக்குள் இருக்கும் நீரின் அமுக்கமும் அவ்வாறே இரு முகங்களையும் சற்று விலக்கிப் பிடிக்கிறது. அலுமாரியைத் தள்ளாமலே, அதன் அடியில் எண்ணெய் விட்டதற்குச் சமம்.

அமெரிக்காவின் டென்வர் நகருக்கருகில் 1962 இல் இராணுவத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீரை 3,671 மீற்றர் ஆழத் துளைக்குள் செலுத்தத் தொடங்கியதும், அதுவரை அமைதியாக இருந்த இடத்தில் அதிர்வுகள் தொடங்கின. 1966 இல் செலுத்துவதை நிறுத்திய பிறகும், நீர் பிளவுகளுக்குள் பரவிக்கொண்டிருந்ததால், மறு ஆண்டிலேயே மிகப் பெரிய அதிர்வுகள் வந்தன. 1967 டிசெம்பர் 11 அன்று மகாராஷ்டிராவின் கொய்னா அணைக்கருகில் நிகழ்ந்த பருமன் 6.3 நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 180 பேர் இறந்தனர். அது அணையில் நீர் நிரப்பியதன் விளைவு என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்த அணையின் உயரம் 103 மீற்றர். ஆழ்ந்த நீர்த்தேக்கமும், ஏற்கெனவே நழுவத் தயாராக நிற்கும் பிளவும் ஒன்றாக அமைந்தால் மட்டுமே இது நடக்கும். நம்முடைய குளங்கள் பரந்தவை, ஆழங் குறைந்தவை.

இதே வாசகர், மழைக்காலத்தில் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் சைக்கிள் உருட்டிய அனுபவத்தையும் எழுதி, அப்படி வழுக்கும் மண் பிளவுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். நல்ல ஊகம். கலிபோர்னியாவில் சான் அந்திரெயாஸ் பிளவின் நடுப்பகுதி பெரிய நிலநடுக்கம் எதுவுமின்றி, ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் ஊர்ந்துகொண்டேயிருக்கிறது. அங்கே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்குத் துளைத்து மாதிரி எடுத்தபோது, ஊரும் இடத்தில் இருந்தது முருங்கன் களியின் இனத்தைச் சேர்ந்த, நீரை ஏந்திக்கொள்ளும் ஒரு களிக் கனிமம். வழுக்கும் பிளவு வலுவைச் சேமிப்பதில்லை. ஆகவே அது நடுங்குவதுமில்லை.

கேள்வி (கிளிநொச்சி, உயர்தர மாணவி): பதினைந்து கிலோமீற்றருக்குக் கீழே பாறை ஓடும் என்றால், 600 கிலோமீற்றர் ஆழத்தில் நிலநடுக்கம் என்று செய்திகளில் வருவது எப்படி?

பதில்: இந்த இதழின் சிறந்த கேள்வி உங்களுடையது, தங்கச்சி. ஜப்பானிய ஆய்வாளர் கியோ வடாதி 1920களில் இத்தகைய ஆழ்ந்த நிலநடுக்கங்கள் இருப்பதை உறுதிப்படுத்திய நாளிலிருந்து ஆய்வாளர்களை அலைக்கழிக்கும் கேள்வியும் இதுவே. அறியப்பட்ட மிக ஆழமானவை 700 கிலோமீற்றர் அளவில் நின்றுவிடுகின்றன.

பதிலின் முதற்பகுதி இலகுவானது. அவை எல்லா இடத்திலும் நிகழ்வதில்லை. கடலடித் தகடொன்று இன்னொரு தகட்டின் கீழே அமிழ்ந்து இறங்கும் இடங்களிலேயே நிகழ்கின்றன. பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே உள்வாங்கும். ஆகவே அமிழும் தகடு, சுற்றியுள்ள சூட்டுக்கு நடுவே பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்குக் குளிர்ந்தபடியே இறங்குகிறது. அத்துடன் அந்தத் தகட்டின் பெரும்பகுதி குவாட்ஸ் அல்ல, ஒலிவின் என்ற கனிமம். அது 600 பாகை வரை இளகாது.

இரண்டாம் பகுதியில்தான் சிக்கல். 600 கிலோமீற்றரில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல இரண்டு இலட்சம் மடங்கு. அந்த இறுக்கத்தில் உராய்வு எந்த நழுவலையும் அனுமதிக்காது. அலுமாரிக் கணக்கு அங்கே செல்லாது. ஆகவே வேறு வழி ஒன்று வேண்டும். அமிழும் தகட்டிலுள்ள சேர்பன்ரைன் போன்ற கனிமங்கள் தம்முள் நீரைக் கட்டி வைத்திருப்பவை. சூடேறும்போது அவை நீரை விட்டுவிட, அந்த நீர் முன்னே சொன்னபடி முகங்களை விலக்குகிறது என்பது முந்நூறு கிலோமீற்றர் வரைக்குமான விளக்கம். அதற்கும் கீழே பேசப்படுவது வேறு: ஒலிவின், 410 கிலோமீற்றரளவில், அணுக்கள் இன்னும் நெருங்கி அடுக்கப்பட்ட வேறொரு கனிமமாக மாறவேண்டும், குளிர்ந்த தகட்டில் அந்த மாற்றம் பிந்திப்போகிறது, பிந்தியது எங்கோ ஒரு மெல்லிய பரப்பில் திடீரென்று நடந்தேறும்போது, அந்தப் பரப்பே நழுவுதளமாகிவிடுகிறது. ஆய்வுகூடத்தில் சிறு மாதிரிகளில் இது செய்து காட்டப்பட்டிருக்கிறது. 1994 ஜூன் 9 அன்று பொலிவியாவின் கீழே 630 கிலோமீற்றரளவில் நிகழ்ந்த பருமன் 8.2 நிலநடுக்கம் முழுவதையும் இதனால் விளக்கிவிட முடியுமா என்பதில் விவாதம் ஓயவில்லை. 660 கிலோமீற்றருக்குக் கீழே கனிமங்கள் மறுபடியும் மாறிவிடுகின்றன. நிலநடுக்கங்களும் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகின்றன. இவ்விரண்டும் தற்செயலாக ஒத்துப்போகின்றன என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி (முல்லைத்தீவு வாசகி): 2004 இல் எச்சரிக்கை இல்லாமல் கடல் வந்தது. 2012 ஏப்ரலில் எச்சரிக்கை வந்து, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினோம், கடல் வரவில்லை. இரண்டும் சுமாத்திராப் பக்கத்துப் பெரிய நிலநடுக்கங்கள்தானே?

பதில்: ஆம், அம்மா. 2012 ஏப்ரல் 11 இல் நிகழ்ந்ததும் சிறியதல்ல, பருமன் 8.6. வேறுபாடு, பாறை எந்தத் திசையில் நழுவியது என்பதில் இருந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று, இந்தியத் தகடு சுமாத்திரா – அந்தமான் வரிசையின் கீழே அமிழும் சரிந்த தளம், ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குச் சில நிமிடங்களில் நழுவியது. தளம் சரிவானது, ஆழங் குறைந்தது. ஆகவே மேலே இருந்த கடலடி உயர்ந்து, தன் மேலிருந்த நீர் முழுவதையும் தூக்கியது. அந்த நீர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் உங்கள் கரைக்கு வந்தது. 2012 இல் நழுவியது தகடுகளின் எல்லையல்ல; கடலின் நடுவே தகட்டின் உள்ளே இருந்த செங்குத்தான பிளவுகள். பிளவின் இரு பக்கங்களும் பெரும்பாலும் கிடையாகவே ஒன்றையொன்று கடந்தன. கடலடி பெரிதாக உயரவில்லை, ஆகவே நீரும் பெரிதாக உயரவில்லை. அந்த நழுவல் புவியோட்டையும் தாண்டிக் குளிர்ந்த இடையோட்டுப் பாறைக்குள் இறங்கியிருந்தது.

அன்று ஓடியது வீண் என்று நினைக்கவேண்டாம். பருமனைச் சில நிமிடங்களில் கணித்துவிடலாம். நழுவிய திசையையும் கடலடி உயர்ந்ததா என்பதையும் அறிய அதைவிட நேரம் எடுக்கும். 2004 இல் நடுக்கம் தொடங்கிய இடம் உங்கள் கரையிலிருந்து ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தில் நிலம் ஆடியது பலருக்குத் தெரிந்திருக்கவே மாட்டாது. நிலம் ஆடினால் ஓடுவோம் என்று முல்லைத்தீவில் காத்திருக்க முடியாது.

கேள்வி (மாங்குளம் வாசகர்): நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. 1975 பெப்ரவரியில் சீனாவின் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகளைக் கண்டு மக்களை வெளியேற்றியதை எல்லோரும் சொல்வார்கள். மறு ஆண்டு ஜூலையில் எந்த எச்சரிக்கையுமின்றித் தங்ஷானில் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சேர்த்துச் சொல்வதில்லை. அலுமாரி எந்தக் கணத்தில் நகரும் என்று தள்ளுகிறவருக்கே தெரியாது.

கேள்வி (செட்டிகுளம், பாடசாலை மாணவன்): நீங்கள் எழுதிய மடிந்த பாறையை நான் பார்க்க வேண்டும். எங்கே போகவேண்டும்?

பதில்: தூரம் போகவேண்டாம், தம்பி. உங்கள் ஊரில் யாராவது வீட்டுக்கு அத்திவாரம் போடக் கருங்கல் பறித்திருப்பார்கள். அந்தக் குவியலில், புதிதாக உடைந்த முகமுள்ள பெரிய கல்லொன்றைத் தேர்ந்து, ஒரு வாளி நீரை அதன் மேல் ஊற்றுங்கள். காய்ந்த கல்லில் தெரியாதது ஈரத்தில் தெரியும்: வெள்ளையும் இளஞ்சிவப்புமான பட்டைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புப் பட்டைகள். சில கற்களில் அவை நேராகப் போகும். சிலவற்றில் பாம்பு நெளிவதுபோல மடிந்து, தம்மேலேயே திரும்பியிருக்கும். அப்படி மடிந்த காலத்தில் அந்தக் கல் ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் ஆழத்தில், எழுநூறு பாகைச் சூட்டில் இருந்தது. அதன் மேலிருந்த மலைகள் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போனதால்தான் அது இன்று உங்கள் கைக்கு எட்டுகிறது.

பட்டைகளைப் பார்த்து முடிந்ததும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நேரான கீறல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். என் வீட்டு வேலைக்கு வந்த லோட்டில் அப்படி ஒரு கல் இருந்தது. மேசனிடம் கேட்டு அதை எடுத்து வைத்துக்கொண்டேன். கறுப்புப் பட்டை ஒன்று கீறல் வரை வந்து அறுந்து, மறு பக்கத்தில் அரை விரல் அகலம் தள்ளித் தொடர்கிறது. மடிப்பு, கல் சூடாக ஆழத்தில் இருந்தபோது நடந்தது. கீறல், கல் மேலே வந்து குளிர்ந்த பிறகு நடந்தது. அந்த அரை விரலும் ஒரே கணத்தில் நழுவியதா, பல தடவையாக நழுவியதா என்பதைக் கல் வெறுங்கண்ணுக்குச் சொல்லவில்லை.